கண்ணாடியாரின் கைராசி

வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன், வேலைக்குப் போனால் ஒரு நாளைக்கு இருநூறு சாமான் கழுவுகிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கட்டிய மனைவியே நம்பவில்லை. "அங்க மட்டும் கை வளையுது, இங்க வந்தா சுளுக்கிக்குதா?" என்பது அந்த வீட்டில் தினமும் சாப்பாடு முடிந்ததும் அடிக்கும் மணி. அவர் அசைய மாட்டார். "டாக்டர் வீட்டுக்கு வந்தும் ஊசி போட்டுக்கிட்டா இருப்பாரு?" என்று சொல்லிவிட்டு ஒரு ஏப்பம் விடுவார்.

அவருக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அடையாள அட்டையில் 'உதவியாளர்' என்று போட்டிருக்கும். என்ன உதவி என்றால், கழுவுகிற உதவி. மூன்று மாடி, பதினோரு அறை. அத்தனை அறையிலிருந்தும் குடுவையும் குழாயும் கிண்ணமும் நீலத் தொட்டிகளில் அவரைத் தேடி வரும். சாயந்தரம் பளபளவென்று திரும்பிப் போகும். அதனால் கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் 'கண்ணாடி'. வயதில் பெரியவர் என்பதால் நாம் கண்ணாடியார் என்று வைத்துக்கொள்வோம்.

படிப்பு எட்டாம் வகுப்பு பாஸ் என்று அவர் சொல்வார். எட்டாம் வகுப்பு வரை என்று மனைவி திருத்துவார். ஆனால் கழுவுவதில் அவரை யாரும் திருத்த முடியாது. குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் வைரம் பார்க்கிறவர் மாதிரி பார்ப்பார். தண்ணீர் சொட்டிக் காய்ந்த தடம் ஒன்று தெரிந்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்தத் தடம் அவருக்கு மானப் பிரச்சினை. மானம் போனதே அந்த மானத்தால்தான் என்பது பிற்பாடு நடந்த கூத்து.

இரண்டாம் மாடி மூலை அறையில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் இருந்தார். இருபத்தெட்டு வயசு. எந்நேரமும் செம்புப் பொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கண்ணாடியார் அவருக்குச் 'செம்பு மேடம்' என்று பெயர் வைத்து, அவர் காதுபடவே கூப்பிடுவார். அவரும் கோபிக்காமல் "சொல்லுங்கண்ணே" என்பார். அந்தக் கட்டடத்தில் கண்ணாடியாரிடம் தன் வேலை என்ன என்று உட்கார்ந்து விளக்கிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"புகைபோக்கியில போகுதே கார்பன் டை ஆக்சைடு, அதை உப்புத் தண்ணியில குமிழ் குமிழா விட்டு, கரண்டு கொடுப்போம். அது உடைஞ்சு உபயோகமான பொருளா மாறும். எரிபொருள் பண்ணலாம், பிளாஸ்டிக் பண்ணலாம்."

"கரண்டு கொடுத்தா மாறிடுமா?"

"லேசுல மாறாது. அது சரியான சோம்பேறி. யாராவது பிடிச்சு உக்கார வச்சுப் பேசணும். அதுக்குத்தான் இந்தச் செம்பு. இதுக்குப் பேரு வினையூக்கி. மத்ததை மாத்தி விடும், தான் மாறாது."

"அப்போ கல்யாணத் தரகர்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பேசிச் சேர்த்து விட்டுட்டு, தான் எதுலயும் மாட்டாம அடுத்த வீட்டுக்குப் போயிடுவான்."

செம்பு மேடம் சிரித்துச் சிரித்து மேசையில் தலை வைத்துவிட்டார். "அண்ணே, ஆனா இந்தத் தரகன்கிட்ட ஒரு கோளாறு. ஒரு வரன் கேட்டா பதினாறு வரன் கொண்டு வருவான். எனக்கு வேணுங்கிறது எத்தனால் ஒண்ணுதான். இவன் மத்தது எல்லாத்தையும் கொண்டாறான்."

மூன்று வருஷமாக இதே பாடு. செம்புப் பொடியை ஒரு தடவை வறுத்தார், ஒரு தடவை வெள்ளியோடு சேர்த்தார், ஒரு தடவை முள் முள்ளாக வளர்த்தார். எத்தனால் மட்டும் பேருக்குத் துளி வந்தது. அவருக்கு மேலே இருந்தவர் பெரிய சார். அவர் திட்ட மாட்டார். "சரி, பாப்போம்" என்பார். அந்த "பாப்போம்" வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது. வருஷக் கடைசிக்குள் ஒன்றும் வராவிட்டால் மூலை அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வேலையெல்லாம் நடப்பது ஒரு செல்லுக்குள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். இரண்டு கண்ணாடி அறை, நடுவில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு, கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள். அதைக் கழுவும் முறையைச் செம்பு மேடம் தன் கையாலேயே எழுதிக் கண்ணாடியாரின் சுவரில் ஒட்டியிருந்தார். அமிலத்தில் ஊற வைக்கவும். சுத்தத் தண்ணீரில் ஏழு தடவை அலசவும். ஓவனில் உலர்த்தவும். வேறு எதுவும் வேண்டாம். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

போன மழைக்காலத்தில் ஓவன் படுத்துவிட்டது. ரிப்பேருக்கு எழுதிப் போட்ட தாள் மூன்றாம் மாடியில் எங்கோ தூங்கியது. வெறும் தட்டில் கவிழ்த்து வைத்தால் சாமான் காய ஒரு நாள் ஆனது. காய்ந்த பிறகு பார்த்தால் தடம் தடமாக, சின்னப் பிள்ளை அழுத கன்னம் மாதிரி. கண்ணாடியாருக்குப் பொறுக்கவில்லை. அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. இதற்கு முந்தி வேலை பார்த்த இடத்தில் இருபது வருஷம் அப்படித்தான் செய்தார்: கடைசி அலசலுக்கு ஸ்பிரிட்டை ஒரு சுற்று சுழற்றிக் கொட்டினால் நிமிஷத்தில் காயும், ஒரு தடம் நிற்காது. ஸ்பிரிட் என்பது எத்தனால்தான் என்று அவருக்கும் தெரியும், பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஊற்றிய உடனே பறந்து போகிற பொருள் அது. பறந்து போனது எப்படி உள்ளே இருக்கும்? வேறு எதுவும் வேண்டாம் என்றால் சோப்பு வேண்டாம் என்று அர்த்தம் என அவராக முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் படிப்பு நின்றுபோனதும் இதே பழக்கத்தால்தான்.

அடுத்த வாரம், செல்லில் இருந்த தண்ணீரைச் சோதிக்கிற பெரிய மெஷின் போட்ட படத்தில், எத்தனால் வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு எழுந்து நின்றது. செம்பு மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பெரிய சார் வந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனால் வேற எங்கிருந்தாவது வருதான்னு, கரண்டு இல்லாம, கார்பன் டை ஆக்சைடு காத்து இல்லாம ஓட்டிப் பார்த்தியாம்மா?"

"பார்த்தாச்சு சார். ஒண்ணும் வரலை."

பார்த்தது உண்மை. ஆனால் பார்த்தது பழைய செல்லில், அதுவும் ஓவன் நன்றாக இருந்த காலத்தில். பெரிய சார் அதைக் கேட்கவில்லை, அவருக்கும் ஆசைதான். அந்தப் "பாப்போம்" அன்றைக்கு "பாத்துட்டோம்" ஆனது.

நடுவில் கண்ணாடியாருக்கு இரண்டு நாள் காய்ச்சல். செம்பு மேடம் தானே கழுவி, காயும் வரை காத்திருந்து ஓட்டினார். மேடு காணாமல் போனது. கண்ணாடியார் திரும்பி வந்து கழுவினார். மேடு திரும்பி வந்தது.

"அண்ணே, உங்க கைராசி! நான் கழுவினா செத்துடுது, நீங்க தொட்டா எழுந்துக்குது. உங்க அளவுக்குச் சுத்தமா கழுவ எனக்கு வரலை" என்றார் செம்பு மேடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில், கண்ணாடியாரின் முழுப் பேரையும் போட்டு ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாள் அன்று சாயந்தரமே வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. மனைவியின் தம்பி வந்திருந்தார். எதையும் கிண்டல் பண்ணாமல் விடாத ஆள்.

"என்ன மாமா, கழுவுறதுக்கெல்லாம் பேப்பர்ல பேரு போடுறாங்களா? அப்போ எங்கக்கா பேரை இந்நேரம் தங்கத்துல பொறிச்சிருக்கணுமே."

"போடா. உலகத்துப் புகையையெல்லாம் எரிபொருளா மாத்தப் போறோம்டா நாங்க."

"நாங்களா? நீங்க எந்தப் பக்கம் மாத்துறீங்க?"

"ஏய், சும்மா இரு" என்றார் மனைவி. தினமும் மணி அடிக்கிற அதே வாய்தான். "அந்தப் பொண்ணு கழுவினா வரலையாம். இவர் கழுவினாத்தான் வருதாம். கை அப்படி." சொல்லிவிட்டு அன்றைக்குத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணாடியார் அந்த ராத்திரி தூங்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்.

நான்கு நாள் கழித்து ஒரு காலையில், முந்தின நாள் சாயந்தரம் கழுவி மூடி வைத்த செல்லின் டப்பாவைத் திறந்தார். ரப்பர் வளையத்தை எடுத்துப் பொருத்தப் போனவர், எதற்கோ மூக்கருகே கொண்டு போனார். ஸ்பிரிட் வாசனை.

பறந்து போயிருக்க வேண்டியது, ஒரு ராத்திரி முழுக்கத் தாண்டியும் அங்கே உட்கார்ந்திருந்தது. கண்ணாடியிலிருந்து பறந்துவிட்டது, உண்மைதான். ரப்பர் குடித்து வைத்திருந்தது. குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லுக்குள் கக்கியிருக்கிறது. மெஷின் அதை எடுத்து மேடு போட்டிருக்கிறது. காற்றிலிருந்து வந்ததல்ல, செம்பிலிருந்து வந்ததல்ல. கைராசியிலிருந்து வந்தது.

பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி முதல் மார்க் வாங்கிவிட்டு, பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டால் ஒருத்தன் முகம் எப்படி இருக்கும்? அப்படி ஒரு முகத்தோடு அன்று முழுக்கத் தொட்டி முன்னால் குனிந்தே நின்றார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மாடி ஏறினார். முதல் தடவை செம்பு மேடம் போனில் அம்மாவிடம் "வந்துடுச்சும்மா, நிஜமாவே வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை பெரிய சார் உள்ளே இருந்தார். மூன்றாம் தடவை ஏறவே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு கோழைத்தனமான உபாயம் கண்டுபிடித்தார். ஓவனும் அந்த வாரம்தான் ரிப்பேராகி வந்திருந்தது. சத்தம் போடாமல் புது வளையம் மாட்டி, ஸ்பிரிட்டை நிறுத்தி, சுவரில் எழுதியிருந்தபடி அலசி, ஓவனில் வைத்தார். தானாகவே சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தார்.

சரியாகத்தான் ஆனது. மேடு தரைமட்டம் ஆனது.

செம்பு மேடம் புதுச் செம்பு செய்தார். ஓட்டினார். இல்லை. சவ்வை மாற்றினார். இல்லை. உப்பை மாற்றினார், கரண்டுக் கம்பியை மாற்றினார், தன் மேலேயே சந்தேகப்பட்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "என் கையிலதான் என்னமோ தப்பு நடக்குதுண்ணே. நல்லா ஓடினதை நான்தான் எதையோ பண்ணிக் கெடுத்துட்டேன்" என்றார். கண்ணாடியார் வாயைத் திறந்தார். "சாப்பிட்டீங்களா மேடம்?" என்பதுதான் வெளியே வந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் தொட்டி எடுக்கப் போனபோது செம்பு மேடம் செல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் நாற்காலியில் இருந்தது. அழுது முடித்திருந்தார். அழுவதைவிட அழுது முடித்த முகம் மோசம். இந்த எத்தனாலைப் பற்றி ஒரு பெரிய கூட்டத்தில் பேச அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள்; அதற்கு எட்டே நாள் இருந்தது.

கண்ணாடியார் செல்லை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அமிலம், ஏழு அலசல். ஓவன் பக்கத்திலேயே சூடாகத் தயாராக நின்றது. அவர் அலமாரியைத் திறந்தார். இந்தத் தடவை அவசரமும் இல்லை, தெரியாமலும் இல்லை. வளையத்தைத் தனியாகக் கழற்றி, ஸ்பிரிட்டிலேயே கொஞ்ச நேரம் ஊறப் போட்டார்.

மறுநாள் மேடு முன்னைவிட உயரமாக எழுந்தது. செம்பு மேடம் படிக்கட்டில் ஓடி வந்து அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே! சொன்னேன்ல!" கண்ணாடியார் கையை உருவிக்கொண்டு, "ஈரம் மேடம், ஈரம்" என்றார். அந்த வாரம் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் வேண்டும் என்றால் மனைவியை எடுத்துத் தரச் சொன்னார்.

"புகழ் தலைக்கேறிடுச்சு. தண்ணிகூட எடுத்துக்க மாட்டேங்கறாரு" என்றார் மனைவி.

வியாழக்கிழமை மத்தியானம் செம்பு மேடம் அவரைக் கூப்பிட்டார். "நாளைக்கு அறுபது பேர் முன்னாடி பேசணும்ணே. ஒரு தடவை உங்க முன்னாடி பேசிப் பாக்கறேன். புரியலைன்னா ஸ்கூல்ல மாதிரி கையைத் தூக்குங்க."

அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்கூலில் ஒரு நாளும் முன் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. செம்பு மேடம் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். காற்று, கரண்டு, பதினாறு வரன் எல்லாம் சொன்னார். தரகர் கதையையும் சொல்லி, "இது எங்க லேப்ல ஒரு அண்ணன் சொன்னது" என்றார். பிறகு திரையில் அந்த மேடு வந்தது. "இந்த எத்தனால் முழுக்க முழுக்க கார்பன் டை ஆக்சைடிலிருந்து..."

கண்ணாடியார் கையைத் தூக்கினார்.

"என்னண்ணே, எது புரியலை?"

"எல்லாம் புரியுது மேடம்." கையை இறக்க மறந்துவிட்டார். "அது காத்துல இருந்து வரலை. என் ஸ்பிரிட் பாட்டில்ல இருந்து வந்தது."

சொன்னார். தடம், மழை, ஒரு சுற்று சுழற்றிக் கொட்டியது, ரப்பர் வளையம், வாசனை. எல்லாப் பழியையும் ஓவன் தலையில் ஏற்றி, அழகாக அடுக்கி வைத்திருந்தார். எட்டு நாளாக அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். தெரியாமல் செய்த தப்பு, படிக்காதவன், ஓவன் கெட்டுப்போச்சு. அவ்வளவோடு முடித்துவிட்டு, மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று கணக்கு.

செம்பு மேடம் அசையாமல் கேட்டார். "ஓவன் கெட்டதால ஊத்தினீங்க" என்றார் மெதுவாக.

"ஆமா மேடம்."

"ஓவன் சரியாகி ரெண்டு வாரம் ஆச்சேண்ணே."

கண்ணாடியார் தூக்கிய கையை அப்போதுதான் இறக்கினார்.

"நடுவுல அஞ்சு நாள் வரலை. அப்புறம் போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. முன்னைவிட அதிகமா. அது எப்படி?"

பொய் சொல்ல அவருக்கு நன்றாகவே வரும், வீட்டில் தினமும் பயிற்சி உண்டு. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அது தெரிஞ்சே ஊத்தினது மேடம்."

செம்பு மேடம் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திறக்காத செல் டப்பாவை எடுத்தார். ஸ்பிரிட்டில் ஊறிய அதே வளையத்தோடு செல்லைப் பொருத்தினார். செம்பு வைக்கவில்லை, காற்று விடவில்லை, கம்பியைச் சொருகவில்லை. வெறும் உப்புத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் சும்மா வைத்தார். அந்த அரை மணி நேரமும் இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றார்கள். பிறகு அந்தத் தண்ணீரை மெஷினில் கொடுத்தார். மேடு எழுந்தது. ஒன்றுமே இல்லாமல், வெறும் தண்ணீரில், கம்பீரமாக எழுந்து நின்றது.

பெரிய சார் வந்தார். படத்தைப் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை போல இருந்தது கண்ணாடியாருக்கு. அவரோ கண்ணாடியாரைப் பார்க்காமல் செம்பு மேடத்தைப் பார்த்து, "தப்பு எனக்கும்தாம்மா. நீ எந்த செல்லுல ஓட்டிப் பார்த்தேன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "நாளைக்குப் பேச்சை ரத்து பண்ணச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். எத்தனாலைக் கழிச்சா என்ன மிச்சம் இருக்கோ, அதைச் சொல்றேன்." என்ன மிச்சம் இருந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். வருஷக் கடைசிக்கு ஏழு வாரம்.

"எந்தெந்த நாள் ஸ்பிரிட் பட்டுதுன்னு தெரிஞ்சாத்தான் எதை வச்சுக்கலாம், எதைக் கிழிச்சுப் போடலாம்னு பிரிக்க முடியும்" என்றார் பெரிய சார், முதல் தடவையாகக் கண்ணாடியார் பக்கம் திரும்பி. "எழுதிக் கொடுங்க."

செம்பு மேடம் தன்னுடைய ஆராய்ச்சி நோட்டையே திறந்து மேசையில் வைத்தார். மூன்று கட்டம் போட்டார். தேதி, செய்தது, ஏன். "பேனாவாலதான் எழுதணும். தப்பா எழுதிட்டா கிறுக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. நடுவுல ஒரே ஒரு கோடு. அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும். அதுதான் இந்த நோட்டோட விதி."

கண்ணாடியார் சுவர் காலண்டரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. தேதி, ஸ்பிரிட், சீக்கிரம் காய. தேதி, ஸ்பிரிட், சீக்கிரம் காய. பதினாறு தடவை அப்படியே. பிறகு ஐந்து நாள், ஸ்பிரிட் இல்லை. அதற்கு 'ஏன்' கட்டத்தில் 'வாசனை தெரிந்ததால்' என்று எழுதினார். பிறகு அந்த ஒரு தேதி. ஸ்பிரிட், வளையம் ஊற வைத்தது. ஏன்?

பேனா நின்றது. செம்பு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கண்ணாடியார் எழுதினார்: மேடம் சாப்பிடவில்லை.

எழுதியதைப் பார்த்தார். பொய் இல்லை. ஆனால் இப்படி எழுதினால் செய்தது அவர், காரணம் மேடம் என்று ஆகிறது. இது அந்தப் பெண்ணின் நோட்டு. அதிலேயே அந்தப் பெண் மேல் பழி. அடித்துக் கிறுக்கி மை கொட்டி மறைக்க வேண்டும் போல இருந்தது. விதி நினைவு வந்தது. நடுவில் ஒரே ஒரு கோடு போட்டார். அதன் கீழே எழுதினார்: சொல்ல பயம். என் பேர் போயிடும்.

செம்பு மேடம் வந்து நின்று மேலிருந்து கீழே படித்தார். கோடு போட்ட வரியில் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார். கோட்டுக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கீழ் வரி. பிறகு நோட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து போட்டு, தேதி போடுங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

அவர் போட்டார்.